இரண்டு பொய்த் திகதிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலநிலை நன்றாக இருந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழைய றைன் ஆற்றங்கரையில் நடக்கப் போவது எம்மில் சில குடும்பங்களின் வழக்கம். சுவிற்சர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், டியப்போல்ட்ஸவ் என்ற ஊரையும் அக்கரையில் ஒஸ்ரியாவின் ஹோகனெம்ஸ் என்ற ஊரையும் இணைக்கும் பாலம் ஒன்று அங்கே உண்டு. பவுல் குறூனிங்கர் பாலம் என்பது அதன் பெயர். வருடக்கணக்காக அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறோம். மலிவாக இறைச்சி வாங்க அக்கரைக்குப் போவதும் அந்த வழியால்தான். யார் இந்தக் குறூனிங்கர் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

எம்மில் ஒருவரின் மகள், பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, அவர் பொய் எழுதின பொலிஸ்காரர். கடதாசியில பொய்த் திகதி போட்டவர். அதுக்குத்தான் பாலத்துக்கு அவற்ற பேர் வைச்சிருக்கினம்."

தகப்பன் வாயடைத்துப் போனார். ஏனென்றால் அந்த வாரம்தான் எமது தொழிற்சாலையில் நாமும் ஒரு கடதாசியில் பொய்த் திகதிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம். எமது பெயரை எவரும் பாலத்துக்கு வைக்கப் போவதில்லை என்பது அப்போதே எமக்குத் தெரிந்திருந்தது.

செயல் ஒன்றுதான். கடதாசியில் நடக்காத ஒரு நாளை எழுதுவது. ஒருவருக்கு அது புகழ். எமக்கு அது மூன்று இரவுகள் நித்திரையில்லாத வெட்கம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகின்றது? சரி, பிழை என்பதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? இந்தக் கேள்வியைப் பற்றி எமக்குத் தெரிந்த அளவில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள். எமக்கு ஜேர்மன் மொழி சொல்லித்தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரவல் தந்த புத்தகங்களும், இயந்திரங்களுக்கு இடையில் நின்று கதைத்த கதைகளும்தான் எமது படிப்பு.

அந்தப் பொலிஸ்காரர்

பவுல் குறூனிங்கர் 1891இல் சென்ற் காலன் நகரில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தவர். நல்ல உதைபந்தாட்ட வீரர். 1915இல் சுவிஸ் சாம்பியனான புறூல் கழகத்தில் விளையாடியவர். பின்னர் பொலிசில் சேர்ந்து சென்ற் காலன் மாநிலப் பொலிசின் தலைவராக உயர்ந்தவர். புரட்சிக்காரர் அல்ல. ஒழுங்காக வேலைக்குப் போய் வந்த, ஊரில் மதிப்புள்ள ஓர் உத்தியோகத்தர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்ரியாவுக்குள் புகுந்தன. வியன்னாவிலும் ஏனைய ஊர்களிலும் யூதர்கள் வீதியில் வைத்து அவமானப்படுத்தப்பட்டார்கள். கடைகள் பறிக்கப்பட்டன. பலர் சுவிஸ் எல்லையை நோக்கி ஓடி வந்தார்கள். அவ்வருடம் ஆகஸ்ட் மாதத்தில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. விசா இல்லாமல் வருவோர் எவராயினும் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்பது பேர்ண் நகரிலிருந்து வந்த கட்டளை.

அந்தக் கட்டளையை நிறைவேற்ற வேண்டியவர்களில் குறூனிங்கரும் ஒருவர். அவர் என்ன செய்தார்? ஆகஸ்ட்டுக்குப் பின் வந்தவர்களை, எல்லை மூடப்படுவதற்கு முன்னரே வந்துவிட்டவர்கள் போல் கடதாசியில் பதிய விட்டார். வந்த திகதி மாற்றி எழுதப்பட்டது. திகதி மாறியதும் அவர்கள் சட்டப்படி இருக்கக்கூடியவர்கள் ஆனார்கள். டியப்போல்ட்ஸவில் ஒரு பழைய எம்பிரொய்டரித் தொழிற்சாலையில் அகதிகளுக்கு முகாம் திறக்கப்பட்டது. அங்கிருந்த செலவுகளை யூத உதவிச் சங்கத்தினர் பொறுப்பேற்றார்கள். சென்ற் காலனில் அந்தச் சங்கத்தின் வேலைகளைப் பார்த்தவர் சிட்னி டிறைவுஸ் என்பவர். அவரது மகள் றூத் டிறைவுஸ் 1999இல் சுவிசின் முதலாவது பெண் சனாதிபதியானார்.

இவ்வாறு காப்பாற்றப்பட்டோர் பல நூறு பேர் என்று சிலரும், மூவாயிரத்துக்கும் மேல் என்று சிலரும் சொல்கிறார்கள். சரியான தொகையைச் சொல்வது கடினம். பொய்யான பதிவில் உண்மையான தொகையை எப்படித் தேடுவது?

1939இல் விடயம் வெளியில் வந்தது. குறூனிங்கர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வூதிய உரிமையும் போனது. 1940ஆம் ஆண்டின் இறுதியில் மாவட்ட நீதிமன்றம் கடமை தவறியமைக்கும் பத்திரங்களைப் பொய்யாக்கியமைக்கும் அவருக்கு 300 பிராங் தண்டம் விதித்தது. லஞ்சம் வாங்கினார் என்றும் வேறு விதமாகவும் ஊரில் கதை கட்டினார்கள். அவை எவையும் உண்மையல்ல. அதன்பின் நிரந்தர வேலை என்று ஒன்று அவருக்கு அமையவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்து வறுமையில் வாழ்ந்தார். நீதிமன்றத் தீர்ப்பை எண்ணித் தான் வெட்கப்படவில்லை, உயிர்களைக் காத்ததையிட்டுப் பெருமைப்படுகிறேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் 1971இல் அவரைக் கௌரவித்தது. அடுத்த வருடம், 1972இல், அவர் இறந்தார். ஸ்ரெபான் கெல்லர் என்ற பத்திரிகையாளர் அவரது வழக்கைப் பற்றி எழுதிய புத்தகம் 1993இல் வெளிவந்தது. அதே வருடம் மாநில அரசு அவருக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுத்தது. 1995இல், அவரைத் தண்டித்த அதே மாவட்ட நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. அவர் கண்மூடி இருபத்துமூன்று வருடங்களுக்குப் பின்! பாலத்துக்கு அவர் பெயர் வைத்தது 2012இல்.

எமது கையெழுத்து

இனி எமது கதை. எமது தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கப்படுகின்றன. எமது பிரிவில் தமிழர் ஆறு பேர். ஐந்து ஆண்கள், ஓர் அக்கா. வார்க்கும் இயந்திரத்துக்குக் கதவு உண்டு. கதவு திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நின்று நின்று ஓடினால் எண்ணிக்கை குறையும். ஆகவே கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்ற ஒரு சிறு காந்தத்தை ஒட்டி விடுவது அங்கே நெடுநாளாக இருந்த பழக்கம். எல்லோருக்கும் தெரியும். எவரும் கதைப்பதில்லை. நாமும்தான்.

புதிதாக வந்த ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம், சிக்கிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டான். இரண்டு விரல்கள் நசிந்து போயின. அவனுடைய சத்தம் இப்போதும் எமது காதில் இருக்கின்றது.

மறுநாள் எமது செஃப் ஒரு தாளுடன் வந்தார். இயந்திரப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றோம் என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டிய தாள். அப்படி ஒரு பயிற்சி நடக்கவேயில்லை. தாளில் முந்திய திகதி ஒன்று போடப்பட்டிருந்தது. விசாரிக்க ஆட்கள் வருவார்கள், தாள் இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் பெரிய தண்டம் விழும், ஏற்கனவே வேலை குறைவு, பிரிவையே மூடிவிடுவார்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். எம்மில் ஒருவரின் தகப்பனார் ஊரில் காலமானபோது கேள்வி கேட்காமல் இரண்டு கிழமை லீவு தந்தவர். எமது பேர்மிற்றுக்குக் கடிதம் தேவைப்பட்ட நேரமெல்லாம் எழுதித் தந்தவர்.

ஐந்து பேர் கையெழுத்திட்டோம். அக்கா பேனையை வாங்கினா. திகதியைப் பார்த்தா. திருப்பிக் கொடுத்தா.

"அண்டைக்கு நான் வேலைக்கே வரேல்லை. மகளோட ஆஸ்பத்திரியில நிண்டனான். வராத நாளுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

அவ்வளவுதான் அவ சொன்னது. சத்தம் போடவில்லை. எம்மைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மற்ற இயந்திரத்துக்குப் போய்விட்டா. எமக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அரிச்சந்திரனும் கான்றும்

பொய்யே சொல்லக்கூடாது என்பதற்கு எம்மவர்க்கு உடனே ஞாபகம் வருவது அரிச்சந்திரன்தான். நடிகமணி வைரமுத்து அவர்கள் ஆடிய மயான காண்டத்தை விடிய விடியக் கோயில் வீதியில் இருந்து பார்த்ததை எமது தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்டை இழந்து, மனைவி மகனை விற்று, சுடலை காத்தும் சொன்ன சொல் மாறாதவன்.

ஜேர்மன் மொழி பேசுவோருக்கு ஓர் அரிச்சந்திரன் உண்டு. இம்மானுவேல் கான்ற் என்ற அறிஞர், 1724 முதல் 1804 வரை வாழ்ந்தவர். அவருடைய அறக் கொள்கையின் சாரம் இதுதான்: நீ ஒன்றைச் செய்ய முன், உலகத்தில் எல்லோரும் இதையே செய்வதை நீ ஏற்றுக்கொள்வாயா என்று யோசி. ஏற்க முடியாது என்றால் நீயும் செய்யாதே. எல்லோரும் பொய் சொன்னால் பேச்சுக்கே மதிப்பில்லை. பிறகு பொய்கூட எடுபடாது.

இதைக் கேட்டுப் பிரெஞ்சு நாட்டின் பெஞ்சமின் கொன்ஸ்ரன் என்பவர் ஒரு கேள்வி போட்டார். கொலைகாரன் ஒருவன் உன் வாசலில் வந்து நின்று, நீ ஒளித்து வைத்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தானே உண்மை சொல்ல வேண்டும்? அதற்குக் கான்ற் 1797இல் கட்டுரை எழுதிப் பதில் சொன்னார்: அப்போதும் பொய் சொல்லக் கூடாது!

வாசகர்களே, இதை வாசித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். வாசலில் ஆயுதத்துடன் வந்து பெயர் சொல்லிக் கேட்பது எம்மவர்க்குப் புத்தகத்தில் வந்த உதாரணம் அல்ல. அப்படிக் கேட்டவர்களுக்கு "இல்லை" என்று சொன்ன தாய்மாரின் பிள்ளைகள் இன்று இந்தச் சஞ்சிகையை வாசித்துக்கொண்டிருக்கலாம். அந்த "இல்லை" பாவம் என்று எந்த அறிஞர் சொன்னாலும் நாம் ஏற்கத் தயாரில்லை.

ஆனால் கான்ற் சொன்ன இன்னொன்றும் உண்டு. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் பாவிக்காதே. ஒவ்வொரு மனிதனும் தன்னளவில் ஒரு நோக்கம் என்றார். இதை வைத்துப் பார்த்தால் எமது தாள் என்ன செய்தது? பயிற்சி கொடுத்தும் கேளாமல் கையை விட்டவன் என்று தம்பியை ஆக்கியது. மற்றவர்கள் தப்புவதற்கு அவனுடைய நசிந்த விரல்களை ஒரு கருவியாகப் பாவித்தோம். குறூனிங்கரின் திகதியோ கடதாசிக் கட்டுகளாகப் பார்க்கப்பட்டவர்களைத் திரும்பவும் மனிதர்கள் ஆக்கியது.

கடமை என்ற சொல்லிலும் ஓர் ஆபத்து இருக்கின்றது. இலட்சக்கணக்கான யூதர்களை மரண முகாம்களுக்கு ஏற்றி அனுப்பும் வேலையைப் பார்த்த அடோல்ப் ஐக்மன், 1961இல் ஜெருசலேமில் நடந்த விசாரணையில், தான் கான்ற் சொன்ன கடமை வழியில் வாழ்ந்தவன் என்று சொன்னான். ஹன்னா அறெண்ட் என்ற பெண் அறிஞர் இதைத் தமது நூலில் பதிந்திருக்கிறார். கான்ற் சொன்னது நீயே யோசித்து முடிவெடு என்பது. ஐக்மன் செய்தது யோசிக்கும் வேலையை மேலிடத்துக்குக் கொடுத்துவிட்டு, தான் கையெழுத்தை மட்டும் போட்டது. "செஃப் சொன்னவர், நாங்கள் போட்டனாங்கள்" என்று நாம் எமக்குள் சொல்லிக்கொண்ட சமாதானமும் அளவில் சிறியதே தவிர, சாதியில் வேறானதல்ல.

கணக்குப் பார்ப்பவர்கள்

இங்கிலாந்தில் பெந்தம், அவருக்குப் பின் ஜோன் ஸ்ருவர்ட் மில் என்று இருவர். சட்டத்தையும் கடமையையும் விட, விளைவைப் பார் என்றார்கள். எந்தச் செயலால் கூடிய பேருக்குக் கூடிய நன்மை வருகிறதோ அதுவே சரி. இந்தத் தராசில் குறூனிங்கர் உடனே வென்றுவிடுகிறார். ஒரு பக்கம் சில கடதாசிப் பொய்கள். மறு பக்கம் நூற்றுக்கணக்கான உயிர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் எமது செஃப்பும் இதே கணக்கைத்தான் சொன்னார். ஒரு பக்கம் ஒரு பெடியனின் பெயர். மறு பக்கம் ஒரு பிரிவில் வேலை செய்வோர் எல்லோரினதும் சம்பளம். நாமும் அந்தக் கணக்கில் மயங்கித்தான் கையெழுத்திட்டோம். பிறகு யோசித்தபோதுதான் கணக்கில் விடுபட்டவை தெரிந்தன. தம்பியின் பெயர் போனால் அவனுக்கு அடுத்த வேலை எப்படிக் கிடைக்கும்? அது சேர்க்கப்படவில்லை. தாள் ஒழுங்காக இருந்தால் எவரும் காந்தத்தைக் கழற்ற மாட்டார்கள். அடுத்து அந்த இயந்திரத்தில் நிற்கப் போகிறவனின் கை அந்தக் கணக்கில் இல்லை. பிரிவை மூடுவார்கள் என்பது உண்மையா, வெருட்டலா என்று நாம் கேட்கவுமில்லை.

பெந்தத்தின் கணக்கில் ஒவ்வொருவரும் ஒன்று. எவரும் ஒன்றுக்குக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அகதிகளாகிய நாம் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். 1938இல் பேர்ணில் இருந்தவர்களும் கணக்குத்தான் பார்த்தார்கள். நாட்டுக்கு எத்தனை பேர் தாங்கும் என்று. ஆற்றுக்கு அக்கரையில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் ஆட்களாக எண்ணப்படவில்லை. கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் கூட்டலில் அல்ல. யாரை எண்ணுவது என்பதில்தான்.

இரங்கும் மனம்

டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் வேறு விதமாகச் சொன்னார். நல்லது கெட்டதை நாம் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை, உணர்கிறோம். பிறர் துன்பம் எம்மிலும் பட்டு எதிரொலிப்பதுதான் அறத்தின் ஊற்று. அறிவு அதற்கு வழி காட்டலாமே தவிர, அறிவு மட்டும் எவரையும் அசைக்காது.

குறூனிங்கருக்கும் பேர்ணில் இருந்த அதிகாரிகளுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இதுவாகவும் இருக்கலாம். அவர்களுக்கு வந்தது அறிக்கை. இவருக்கு முன்னால் வந்து நின்றது ஆட்கள். தன் கண்ணால் பார்த்தவர்களைத் திருப்பி அனுப்ப அவரால் முடியவில்லை.

என்றாலும் இரக்கத்தை மட்டும் நம்பியும் பயனில்லை என்பதற்கு நாமே சாட்சி. தாளுடன் எமக்கு முன்னால் நின்றவர் செஃப். அவருடைய முகம் வாடியிருந்தது. அவர் செய்த உதவிகள் எல்லாம் அந்த நேரத்தில் எமக்கு ஞாபகம் வந்தன. தம்பியோ கண்ணுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆகவே எமது இரக்கம் கிட்ட நின்றவர் பக்கம் சாய்ந்துவிட்டது. இரக்கம் கிட்டப் பார்வை உள்ளது என்று ஹியூமும் அறிந்தே இருந்தார். தள்ளி நின்று பொதுவான இடத்திலிருந்து பார்க்கப் பழக வேண்டும் என்றார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தம்பியைப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையைத் தூக்கி "அண்ணையள் வாங்கோ" என்று சிரித்தான். அதன்பிறகு எவரும் எமக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் பழக்கம்

இந்தக் கான்ற், பெந்தம், ஹியூம் எவரையும் எமது அக்காவுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் கேட்டோம்: "எப்பிடியக்கா உடனே மாட்டன் எண்டு சொன்னனீங்கள்? பயம் வரேல்லையோ?"

"பயம்தான். ஆனா சங்கக் கடையில ஆறு வருசம் கணக்கு எழுதினனான். அரிசி இல்லாத நேரம் இருக்கிறதா எழுதினா, வரிசையில நிக்கிற சனம்தான் பட்டினி. அதில இருந்து இல்லாததை இருக்கெண்டு எழுதக் கை வாறேல்லை."

கிரேக்க நாட்டின் அரிஸ்டோட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் சொன்னது இதைத்தான். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் மேசன் ஆகிறான். நேர்மையாக நடந்து நடந்துதான் ஒருவன் நேர்மையானவன் ஆகிறான். நெருக்கடி வரும் நேரத்தில் புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. அதுவரை என்ன பழகினோமோ அதுதான் கைக்கு வரும். காந்தத்தைக் கண்டும் காணாமல் இருக்க நாம் வருடக்கணக்காகப் பழகியிருந்தோம். ஆகவே பேனையைக் கண்டதும் எமது கை தானாக ஓடியது. அக்காவின் கை ஓடவில்லை.

முகவர் சொல்லித்தந்த கதை

பொய்த் திகதி என்று வந்தபின் எம்மவர் மத்தியில் உள்ள ஒரு விடயத்தைத் தொடாமல் போனால் அது நேர்மையாகாது. தஞ்சம் கேட்ட நேரத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னவர்கள் உண்டு. முகவர் சொல்லித்தந்த கதையைச் சொன்னவர்களும் உண்டு. பயத்தினால், உண்மைக் கதை போதாது என்று நினைத்து, ஒரு திகதியை, ஒரு சம்பவத்தை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. உயிர் தப்ப ஓடி வந்தவன் பயத்தில் சொன்ன பொய்யைக் கதிரையில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே கதையைப் பலர் சொன்னால், உண்மையில் அந்தக் கதை நடந்தவன் வந்து சொல்லும்போது எவரும் நம்புவதில்லை. எல்லோரும் செய்தால் என்ன நடக்கும் என்ற கான்றின் கேள்வி இங்கே எமக்கு முன்னால் வந்து நிற்கின்றது. கொலைகாரனுக்குச் சொல்லும் பொய்யால் நட்டப்படுவது கொலைகாரன். இந்தப் பொய்யால் நட்டப்படுவது எமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இன்னொரு அகதி.

திருக்குறளில் வாய்மைக்கென ஓர் அதிகாரமே உண்டு. பிறருக்குத் தீங்கு எதுவும் தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் அதைத் தொடங்குகிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று அடுத்ததாகச் சொல்கிறார். பலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பொய்க்கு அனுமதிச் சீட்டாகப் பாவிக்கிறார்கள். அதிலுள்ள நிபந்தனையைப் பார்ப்பதில்லை. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். ஒருவனுக்கு நன்மை செய்து இன்னொருவன் தலையில் அதன் சுமையை இறக்கினால் அது குற்றமற்ற நன்மை ஆகாது. குறூனிங்கரின் திகதி இந்த நிபந்தனையில் தேறுகின்றது. எமது திகதி தேறவில்லை.

விலையை யார் கொடுப்பது?

இவற்றையெல்லாம் யோசித்த பின் எமக்குப் பிடிபட்ட ஒன்றைச் சொல்கிறோம். குறூனிங்கர் தன் பொய்க்குரிய விலையைத் தானே கொடுத்தார். வேலை, ஓய்வூதியம், நற்பெயர் எல்லாம் அவருடையவை. நாம் போட்ட பொய்க்கு விலையைத் தம்பியின் கணக்கில் எழுதிவிட்டோம். ஆகவே ஒரு விதியை மீற முன், இதன் விலையை யார் கொடுக்கப் போகிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதுவும் முழுமையான தராசு என்று நாம் சொல்ல மாட்டோம். தன் உயிரையே விலையாகக் கொடுத்துக் கொடுமை செய்தவர்களும் உலகத்தில் உண்டு. விலை கொடுப்பவன் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. ஆகவே இன்னொரு கேள்வியும் வேண்டும்: பாதிக்கப்படுபவனின் முகத்தைப் பார்த்து, நான் இன்னதுதான் செய்தேன் என்று சொல்ல முடியுமா? குறூனிங்கரால் அகதிகளின் முகத்தையும் பார்க்க முடிந்தது, நீதிபதியின் முகத்தையும் பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற எம்மால் தம்பிக்கு அந்தத் தாளைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. அங்கேயே எமக்கு விடை கிடைத்துவிட்டது.

பிறகு நடந்தது

நாலாம் நாள் காலை ஐந்து பேரும் செஃப்பிடம் போனோம். எமது கையெழுத்தை எடுத்துவிடுங்கள், அந்தப் பயிற்சி நடக்கவில்லை, ஆட்கள் வந்து கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவோம் என்று எமக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னோம். காந்தத்தை நாமும் பாவித்தோம் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தத் தாளை அதன்பின் நாம் காணவில்லை.

விசாரணை நடந்தது. உள்ளதைச் சொன்னோம். தொழிற்சாலை பிரிவை மூடவில்லை. காந்தத்துக்கு ஏமாறாத புது வகை உணரிகள் கதவுகளில் பூட்டப்பட்டன. உண்மையான பயிற்சியும், உண்மையான திகதியில், நடந்தது. தம்பிக்கு விரல்கள் பழையபடி வரவில்லை. ஆனால் அவன் பெயர் கெடவில்லை. இப்போது பாரம் தூக்கும் வண்டி ஓட்டப் பழகுகிறான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்த் திகதிதான். எம் ஐவரில் ஒருவர் தற்காலிக வேலையில் இருந்தவர். அடுத்த மாதம் அவரை அழைக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைக்கும் வரை ஐந்து மாதங்கள், அக்கா உட்பட மற்ற ஐந்து பேரும் மாதம் நூறு பிராங் போட்டுக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். "விலையை நாங்கள்தான் குடுக்க வேணும், நீங்கள் மட்டும் குடுக்கக் கூடாது" என்று அக்கா சொன்ன பிறகே வாங்கினார். செஃப் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். கன்ரீனில் கண்டால் நாம் வணக்கம் சொல்கிறோம். அவர் சில நாட்களில் தலையாட்டுவார், சில நாட்களில் பார்க்காமல் போவார். அது எமக்கு மனவருத்தம்தான். நல்லது செய்தால் மனவருத்தமே வராது என்று எந்த அறிஞரும் எழுதி வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அந்தப் பாலத்துக்குப் போனோம். பன்னிரண்டு வயதுக்காரி கேட்டாள்: "அப்பா, பொய் சொல்லலாமோ சொல்லக்கூடாதோ? ஒரு பதில் சொல்லுங்கோ."

ஒரு பதிலாகச் சொல்ல எமக்குத் தெரியவில்லை. ஆற்றைக் காட்டி, அந்தக் கரையில் நீ நின்றால் இந்தக் கரையில் நிற்பவர் என்ன எழுத வேண்டும் என்று நினைப்பாய் என்று தகப்பன் கேட்டார். பிள்ளை கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எமது தொழிற்சாலைத் தாளைப் பற்றியும் அவளிடம் சொன்னோம். மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் குறூனிங்கரின் கதையை மட்டும் சொல்லி எமது கதையை ஒளித்தால், நன்மை செய்வது பாலத்தில் பெயர் உள்ள பெரியவர்களின் வேலை என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள்.

வாசகர்களே, உங்கள் வேலைத்தலங்களிலும் இப்படியான தாள்கள் உங்களுக்கு முன்னால் வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டவர்களும் எழுதுங்கள். நாமும் போட்டவர்கள்தான்.